ஒன்றாம் எண் நுனியில் இருக்கிறது

மருந்துக்கு அடங்காத வலிப்பு. எம்ஆர்ஐயில் எதுவும் தெரியவில்லை. தெரிந்தாலும், தலைமேல் ஒட்டி எடுத்த இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு) வேறு இடத்தைக் காட்டுகிறது. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் ஸ்டீரியோ இஇஜி. மண்டையோட்டைத் திறப்பதில்லை. இரண்டரை மில்லிமீட்டருக்குள் அடங்கும் துளைகள் வழியாக 0.8 மி.மீ. தடிமனுள்ள எலக்ட்ரோடுகளை (மின்னலையைப் பதியும் மெல்லிய கம்பிகளை) மூளைக்குள் இறக்கி, வலிப்பு எங்கே கிளம்புகிறது என்று ஒரு வாரம், பத்து நாள் காத்திருந்து பார்ப்போம். பாரிஸில் சேன்ட்-ஆன் மருத்துவமனையில் தாலைராக், பான்கோ இருவரும் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய முறை இது. இப்போது ரோபாட் கை வந்துவிட்டது. கணக்கு மாறவில்லை.

ஆபரேஷன் தியேட்டரில் சறுக்குவது பெரும்பாலும் கோணத்தில்தான். எலும்புக்குச் செங்குத்தாக இறங்கும் டிரில் நேராகப் போகும். சாய்வு கூடக்கூட நுனி வழுக்கும். இரண்டு டிகிரி விலகல் மேலே கண்ணுக்கே தெரியாது. 60 மி.மீ. ஆழத்தில் அதுவே 2 மி.மீ. ஆகிவிடும். ஹிப்போகேம்பஸில் (நினைவோடு தொடர்புள்ள மூளைப் பகுதி) நிற்க வேண்டிய கான்டாக்ட், அதாவது எலக்ட்ரோடில் அலையைப் பிடிக்கும் உலோக வளையம், பக்கத்து வென்ட்ரிக்கிளில் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) மிதப்பதற்கு அவ்வளவு போதும். பொட்டெலும்பு மெல்லியது, எலக்ட்ரோடைப் பிடித்து நிறுத்தும் போல்டின் மரை பிடிக்க இடம் கிடைக்காது. மூளையைப் போர்த்திய சவ்வான டியூராவைச் சுட்டுத் துளைக்காமல் தள்ளினால், எலக்ட்ரோடு அந்தச் சவ்வைக் குத்தாமல் எலும்பிலிருந்து பிரித்துக்கொண்டே போகும். அந்த இடைவெளியில் ரத்தம் கட்டும். ரத்தக்கசிவு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான் நடக்கிறது. அவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம், கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுத்த படத்தில் ஒவ்வொரு பாதையையும் நுனி முதல் தோல் வரை ரத்தக்குழாய்க்காகத் தேடிப் பார்ப்பதுதான்.

இவ்வளவு கவனமாகச் செய்ததையும் ஒரு தவறான லேபிள் வீணாக்கிவிடும். ஓர் எலக்ட்ரோடில் 5 முதல் 18 கான்டாக்ட் வரை இருக்கும். ஒவ்வொன்றும் 2 மி.மீ. நீளம், இடைவெளி 1.5 மி.மீ. 15 கான்டாக்ட் என்றால் மொத்தம் 51 மி.மீ. எண்ணிக்கை நுனியிலிருந்து தொடங்கும்: ஒன்று ஆழத்தில், பதினைந்து எலும்பை ஒட்டி. எலக்ட்ரோடுக்கு எழுத்து. பிரெஞ்சு வழக்கப்படி ‘ஏ’ அமிக்டலா என்ற மூளைப் பகுதிக்கு, ‘பி’ ஹிப்போகேம்பஸின் முன்பகுதிக்கு. வலப்பக்கம் என்றால் வெறும் எழுத்து. இடப்பக்கம் என்றால் எழுத்தின் தோளில் ஒரு சின்னக் கோடு, ‘ஏ பிரைம்’. யாரோ டைப் செய்யும்போது அந்தக் கோடு விட்டுப்போனால் இடது மூளை வலது மூளையாகிவிடும். அறுவை செய்யப்போகிறவர் கையில் போய்ச் சேருவது அந்தப் பெயர்தான். எனவே கோட்டை நம்பாமல் இடது, வலது என்று எழுத்தாலேயே சேர்த்துவிடுவது நல்லது.

பன்னிரண்டு எலக்ட்ரோடு போட்டால் நூற்றைம்பது சானல் (ஒரு கான்டாக்டுக்கு ஒரு பதிவு வரிசை) வரை வரும். கேபிள்களை மொத்தமாகச் செருகிவிட்டுப் பிறகு சரிபார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. ஒன்றைச் செருக வேண்டும்; திரையில் எந்த வரிசை உயிர்பெறுகிறது என்று பார்க்க வேண்டும்; பெயரைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் தாளில் டிக் போட வேண்டும். அடுத்தது அதற்குப் பிறகுதான். முடிந்ததும் ஒரு சோதனை: “அம்மா, பல்லை ஒருதரம் இறுக்கிக் கடிங்க.” தாடைத் தசையின் இரைச்சல் பொட்டுப் பக்க எலக்ட்ரோடுகளின் கடைசி எண்களில், அதாவது எலும்புக்குள் நிற்கும் கான்டாக்டுகளில்தான் வர வேண்டும். ஒன்றாம் எண்ணில் வந்தால் செருகியது தலைகீழ்.

இம்பிடன்ஸ், அதாவது கான்டாக்டின் மின்தடை, பார்க்கும்போது எண்ணைவிட அது வரும் விதம்தான் அதிகம் சொல்லும். ஒரே கான்டாக்ட் மட்டும் எகிறினால் கம்பி அறுந்திருக்கலாம். ஓர் எலக்ட்ரோடு முழுக்க எகிறினால் பிளக் கடைசி வரை உட்காரவில்லை. எல்லாமே ஒன்றாக ஆடினால் ரெஃபரன்ஸை, அதாவது மற்ற எல்லாவற்றையும் எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்தக் கான்டாக்டை, பாருங்கள். ரெஃபரன்ஸாக வெள்ளைப் பொருளில் (மூளையின் நரம்பிழைப் பகுதி) நிற்கும் அமைதியான கான்டாக்டைத்தான் எடுக்க வேண்டும். வலிப்பலை அடிக்கும் இடத்தில் அது விழுந்துவிட்டால், அந்த அலை நூற்றைம்பது சானலிலும் தலைகீழாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் அதை மூளை முழுவதும் பரவிய வலிப்பு என்று எழுதிவிடுவார்கள். 50 ஹெர்ட்ஸ் நாட்ச் ஃபில்டரும் அப்படித்தான், கரண்டு இரைச்சலோடு வலிப்பு தொடங்கும்போது வரும் மெல்லிய வேக அலையில் ஒரு பகுதியையும் தின்றுவிடும். இரைச்சலை ஃபில்டரால் மறைப்பதைவிட, கட்டிலின் மோட்டார் பிளக்கையும் செல்போன் சார்ஜரையும் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

பதிவு ஓடும் நாட்களில் எலக்ட்ரோடு இழுபடுவது பாத்ரூம் போகும்போதுதான். கேபிள்களைச் சடைபோல் பின்னால் சேர்த்துக் கட்டி, தோளருகே கொஞ்சம் தளர விட்டிருக்க வேண்டும். வலிப்பு வரட்டும் என்று மருந்தைக் குறைக்கும் நாட்களில் வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் போட்ட ஊசிக்குழாய்) அடைபடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்க்க வேண்டும்.

கான்டாக்ட் வழியாகச் சிறு கரண்டு கொடுத்து அந்த இடம் என்ன செய்கிறது என்று பார்க்கும் தூண்டல் சோதனைக்கு முன் கால்குலேட்டரை எடுக்கலாம். ஒரு கான்டாக்டின் பரப்பு: 3.14 × 0.8 × 2, அதாவது சுமார் 5 சதுர மி.மீ., 0.05 சதுர செ.மீ. 3 மில்லி ஆம்பியரை 0.3 மில்லி செகண்ட் கொடுத்தால் ஒரு துடிப்பில் 0.9 மைக்ரோகூலும் மின்னூட்டம், அதாவது சதுர செ.மீ.க்கு 18 மைக்ரோகூலும். அதே கரண்டை 1 மில்லி செகண்டாக நீட்டினால் 60. குறுகிய நேரத் தூண்டலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை 57. ஆம்பியரை மட்டும் பார்த்துக்கொண்டு துடிப்பின் அகலத்தை மறந்தால் இப்படித்தான் கோட்டைத் தாண்டுவோம். 1 மில்லி ஆம்பியரில் தொடங்கி அரை அரையாக ஏற்றுவது, 50 ஹெர்ட்ஸில் ஒரு தடவைக்கு ஐந்து செகண்டுக்கு மேல் போகாமலிருப்பது பாதுகாப்பு. எப்போது கொடுக்கிறோம் என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது, சில தடவை கரண்டே கொடுக்காமல் கேட்க வேண்டும். பேச்சுப் பகுதி என்றால் வீட்டில் பேசும் மொழியிலேயே பெயர் கேளுங்கள். தமிழ் மட்டும் பேசுபவரிடம் ஆங்கிலப் படப் புத்தகத்தைக் காட்டிவிட்டு ‘பேச்சு தடைபட்டது’ என்று எழுதினால், அது தூண்டலால் வந்த தடையா என்று யாரும் சொல்ல முடியாது. தூண்டலுக்குப் பின் அலை தொடர்ந்து அடித்தால், அது ஓய்ந்து பழைய பின்னணி திரும்பும்வரை அடுத்த கான்டாக்டைத் தொட வேண்டாம்.

எடுப்பது சுலபம். மூடியைத் தளர்த்தி, வந்த கோணத்திலேயே மெதுவாக இழுத்து, போல்டைக் கழற்றி, ஒரு தையல். ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து நுனியிலிருந்து எண்ண வேண்டும். உள்ளே போனது பதினைந்து என்றால் துணியிலும் பதினைந்து.