சட்ட மாணவர்களை ஒரு மாதத்துக்கு அனுப்பாதீர்கள்

தேவகோட்டையில் வக்கீல் தொழில் செய்கிறேன். மனிதக் கடத்தல் வழக்குகளில் உதவ ஃபெலோஷிப் என்ற உதவித்தொகை கொடுத்து சட்ட மாணவர்களை அனுப்பும் அமைப்புகளிடம் ஒரே வேண்டுகோள்: ஒரு மாதம் பத்தாது, ஒரு வருஷமாவது தங்க வையுங்கள்.

கடத்தல் என்றாலே ரயிலும் வெளிமாநிலமும்தான் மாணவர்களுக்கு நினைவு வருகிறது. எங்கள் பக்கம் அது கிடை ஆட்டுக்குப் பின்னால், அதாவது உரத்துக்காக வயல் வயலாக அடைக்கும் மந்தைக்குப் பின்னால், கம்போடு நடந்து போகும். 2018 கஜா புயலுக்குப் பிறகு தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் சில, முன்பணம் வாங்கிக்கொண்டு பையன்களை ஆடு மேய்க்க விட்டன. "அப்பனே சம்மதிச்சுத்தானே விட்டான்?" என்பார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். சுரண்டுவதற்காக, பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குவதும் கடத்தல் குற்றத்துக்குள்தான் வருகிறது. கடத்தப்பட்டது குழந்தை என்றால் குறைந்தது 10 ஆண்டு சிறை.

என்னிடம் வந்த ஒரு மாணவி, மீட்கப்பட்ட பையனிடம் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தாள். முதலில் அவன் தலையே தூக்கவில்லை. பல நாள் போய்ப் பழகிய பிறகுதான் வாய் திறந்தான். தேதி, மாதம் எதுவும் தெரியாது. "குன்றக்குடியில காவடி பார்த்தேன்க்கா, அப்புறம் கூட்டிட்டுப் போயிட்டாங்க. தீபாவளிக்குக்கூட வீட்டுக்கு விடல." எந்தக் காவடி, பூசமா பங்குனி உத்திரமா என்று கேட்டு, எந்த ஊர் வயலில் கிடை போட்டார்கள், அப்போது நெல் அறுத்தாயிற்றா என்று விசாரித்து, நாள்காட்டியோடு ஒத்துப் பார்த்து மாதவாரியாக எழுதினாள். ஆட்டுக்காரர் "போன வாரம்தான் வந்தான்" என்றபோது கோட்டாட்சியர் விசாரணையில் அந்த நோட்டுதான் பேசியது.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976, 15-வது பிரிவின்படி, கொடுத்த முன்பணம் ஆளை அடிமையாக்கும் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் பணம் கொடுத்தவர்தான். பையன் தலையில் அந்தச் சுமை இல்லை.

ஆனால் பையன் கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டான் என்று அரசு தரும் விடுதலைச் சான்று வருவதற்குள் அவள் காலம் முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். அடுத்து வந்த மாணவரிடம் பையன் பேசவே இல்லை. மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று மத்திய அரசுத் திட்டமே சொல்கிறது. அதற்கு மனு போட்டு, விடாமல் நடந்து வாங்கித் தர ஓர் ஆள் வேண்டும்.

காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை முதலில் கேளுங்கள். பஸ் காசும் அறை வாடகையும் கட்டுப்படியாகிற உதவித்தொகை கொடுங்கள், சான்று கைக்கு வரும்வரை இருப்பார்கள்.