கரிக்கும் கடலுக்கு நடுவே ஒரு கை நல்ல தண்ணீர்

பாம்பன் பாலம் தாண்டி ராமேசுவரம் போகிற சாலையில், தங்கச்சிமடத்தில் வடக்கே திரும்பினால் வில்லூண்டித் தீர்த்தம். பெரிய கோயிலுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் முன்னாலேயே இருக்கிறது. கோயிலைப் பார்க்கிற அவசரத்தில் பாதி வண்டிகள் இந்தத் திருப்பத்தில் நிற்பதே இல்லை. திரும்பும்போது பார்க்கலாம் என்பார்கள். திரும்பும்போது ரயிலுக்கு நேரமாகிவிடும். அப்பாவின் திதியோ, பிள்ளை வரமோ, அம்மாவின் நெடுநாள் ஆசையோ, எந்த வேண்டுதலோடு வந்தாலும் முதலில் இங்கே இறங்கிவிட்டுப் போங்கள். இங்கே நின்று பார்த்தவர்களுக்குத்தான் கோயிலுக்குள் இருக்கும் இருபத்திரண்டு தீர்த்தமும் என்னவென்று புரியும்.

கரையில் சிவன் சந்நிதி. அங்கே கும்பிட்டுவிட்டு, கடலுக்குள் நீளும் சின்னப் பாலத்தில் நடந்தால் முடிவில் ஒரு கிணறு. சுற்றிலும் கடல், நடுவில் கைப்பிடிச் சுவர் கட்டிய கிணறு, கயிறு, வாளி. தண்ணீர் இறைப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கரையோரக் கடல்நீரில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வையுங்கள். பிறகு கிணற்று நீரைக் கையில் ஏந்திக் குடியுங்கள். முதல் சொட்டின் கரிப்பு நாக்கை விட்டுப் போவதற்குள் இரண்டாவது இறங்கிவிடும். அந்த நேரத்தில் யாரும் பேசுவதில்லை. கூட்டமாக வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்களும் அடங்கிப் போகிறார்கள். வயதானவர்கள் சிலர் வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்று கண்ணை மூடிக்கொள்வார்கள். தாகம் என்று சீதாப்பிராட்டி சொன்ன இடம், ராமபிரான் வில்லை ஊன்றி நல்ல தண்ணீர் வரவழைத்த இடம். வேறு என்ன பேசுவது?

கோடை முற்றிய மாதங்களில் தண்ணீர் லேசாகக் கரித்தால் குறையாக நினைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கிய பிறகு வந்தால் தெளிவாக இருக்கும். தீர்த்தமாக ஒரு கை போதும், வயிறு நிறையக் குடிக்க வேண்டியதில்லை. கிணற்றுக்குள் காசு போடாதீர்கள். காசு தண்ணீரில் ஊறிக் கிடந்தால் கெடுவது பின்னால் வருகிறவர் குடிக்கிற தீர்த்தம்தான்.

கடலுக்குள் நல்ல தண்ணீர் எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் காலடியில் கிடக்கிற மணலில் இருக்கிறது. ராமேசுவரம் தீவு மணலும் பவளப் பாறையும் சேர்ந்த பூமி. ஆறு கிடையாது, மலை கிடையாது. வடகிழக்குப் பருவமழையை மணல்மேடுகள் அப்படியே உறிஞ்சிக்கொள்கின்றன. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1000 கிராம் என்றால் கடல்நீர் சுமார் 1025 கிராம். இந்தச் சிறிய எடை வித்தியாசத்தால் மழைநீர் அடியில் இருக்கும் உப்புநீரோடு சட்டென்று கலந்துவிடாமல் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு அது உப்புநீரைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அப்படி நிற்கிற தண்ணீர் மணலுக்குள்ளேயே மெல்லக் கடலை நோக்கி நகர்ந்து, கரையோரத்திலும் கரையைத் தாண்டியும் ஊற்றெடுக்கும். கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். மோட்டார் வைத்து மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், நாளாவட்டத்தில் அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே ஏறும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. இதையெல்லாம் தெரிந்துகொண்டால் ராமபிரானின் பெருமை குறையுமா? இந்த மணலுக்கு இப்படி ஒரு குணத்தை வைத்தவன் யார் என்று நினைத்தால் கும்பிடத்தான் தோன்றும்.

தனுஷ்கோடியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1964 டிசம்பர் புயலில் ஊரே போய், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் கடல் கொண்டுபோனது. அந்த இடத்திலும் மீனவக் குடும்பங்கள் குடிநீருக்கு மணலில் ஊற்று தோண்டுகிறார்கள். சில அடிதான் தோண்டுவார்கள். சுரக்கிற தண்ணீரைச் சிரட்டையால் மெல்ல மோந்து குடத்தில் விடுவார்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ, சுரப்பதற்கு முன்னால் அள்ளினாலோ உப்பு வந்துவிடும். குடம் நிறைகிற வரை குந்தியிருக்கத்தான் வேண்டும்.

வில்லூண்டி, கோயிலுக்குள் இருக்கும் கோடி தீர்த்தம், தனுஷ்கோடி, மூன்று பெயரிலும் ராமனின் வில் இருக்கிறது. முதலாவது வில்லை ஊன்றிய இடம். இரண்டாவது, லிங்கத்துக்கு அபிஷேகம் செய்யத் தண்ணீர் வேண்டி வில்லின் நுனியால் பூமியைத் தொட்ட இடம். மூன்றாவது, விபீஷணன் கேட்டுக்கொண்டபடி சேதுவை வில் நுனியால் உடைத்த இடம்.

இனி கோயில். முதலில் அக்னி தீர்த்தம், அதாவது கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே இருக்கும் கடல். பெரும்பாலும் அலையில்லாமல் குளம் மாதிரிக் கிடக்கும். இந்தப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இங்குள்ளவர்கள் சொல்வார்கள். அலை இல்லையே என்று அசட்டையாக இறங்கக் கூடாது. காலடியில் துணி சிக்கும். பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிற வழக்கம் எந்தப் புண்ணியத்தைக் கொடுக்கும்? அது அலையில் அடித்துத் திரும்பக் கரைக்கே வருகிறது, அடுத்து முழுக்குப் போடுகிற பாட்டியின் காலைச் சுற்றுகிறது. முழுக்கு மூன்று போதும். சோப்பும் ஷாம்பூவும் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

கரையிலிருந்து கோபுர வாசல் போவதற்குள் நாலு பேராவது வழி மறிப்பார்கள். "க்ரூப்பா வந்திருக்கீங்களா? தனி வாளி போட்டுத் தர்றேன், அரை மணி நேரத்துல முடிச்சிரலாம்" என்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று ஆரம்பித்து, பாதி கிணற்றில் நிறுத்தி இன்னும் கேட்கிறவர்களும் உண்டு. ஈரத்துணியோடு, பெரியவர்களைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவரிடம் பேரம் பேசுவது எவ்வளவு பெரிய பாவம்! யாரிடமும் நிற்காமல் கோயில் கவுண்டரில் தீர்த்தச் சீட்டை வாங்குங்கள். அந்தச் சீட்டுக்கே உள்ளே வாளி பிடிப்பவர்கள் ஊற்றுவார்கள். மனநிறைவோடு நீங்களாகக் கொடுப்பது வேறு.

இருபத்திரண்டும் மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். சேதுமாதவ தீர்த்தம் குளம், பெரும்பாலானவை கிணறு. கவாட்சன், கவயன், நளன், நீலன், கந்தமாதனன் என்று சேது கட்டிய வானரத் தலைவர்கள் பெயரிலும் தீர்த்தங்கள் உண்டு. கங்கை, யமுனை, கயா மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு கிணற்றுத் தண்ணீர் குளிரும், அடுத்தது வெதுவெதுப்பாக இருக்கும். ருசியும் மாறும். ஆனால் ஓட்டமாக ஓடினால் எதுவும் தெரியாது. கூட்டம் பின்னால் தள்ளும், முன்னால் இருப்பவர் கத்துவார், வாளித் தண்ணீர் பாதி தோளில் விழும். தண்ணீர் தலையில் படவில்லை என்றால் வாய்விட்டுக் கேட்டு இன்னொரு வாளி வாங்கிக்கொள்ளுங்கள். முகம் கோணாமல் ஊற்றுவார்கள்.

என்ன தவறும் என்பதையும் சொல்லிவிடுவோம். கருங்கல் தரை நாள் முழுக்க ஈரம். வழுக்கி விழுவது பெரும்பாலும் வேகமாகத் திரும்புகிற மூலைகளில்தான், பாதி தீர்த்தம் முடிந்து கால் தளர்ந்த நேரத்தில்தான். பெரியவர்களைப் பத்தாவது தீர்த்தத்துக்குப் பிறகு ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். மெல்லிய வேட்டியும் கனத்த ஜீன்ஸும் இரண்டுமே ஆகாது. ஒன்று மானத்தை வாங்கும், மற்றது நனைந்து கனத்துக் காலை இழுக்கும். பெண்களுக்கு அடர்நிறப் பருத்திச் சுடிதார் வசதி. செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது. மாற்றுத்துணிப் பையோடு வீட்டில் ஒருவர் வெளியே இருந்தால் நல்லது. அவர் மாலையில் நீராடிக்கொள்ளலாம். இளைப்பு உள்ளவர்களும் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களும் ஒவ்வொரு கிணற்றிலும் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், பலனில் குறைவே இல்லை. சாதாரண நாளில் ஒரு மணி நேரம் பிடிப்பது, ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் தவிர மற்றவர்கள் வேறு நாள் பார்ப்பதே பெரியவர்களுக்குச் செய்கிற உதவி.

ஈரத்தோடு சந்நிதிக்குள் விட மாட்டார்கள். உடை மாற்றிக்கொண்டு, முதலில் ஆஞ்சநேயர் கொண்டுவந்த காசி விசுவநாதர், பிறகு ராமநாதர். இந்த வரிசை மாறக் கூடாது, ராமபிரானே அனுமனுக்குக் கொடுத்த வாக்கு அது. அதிகாலை ஐந்து மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு இன்னொரு நாளை ஒதுக்குங்கள். ஒரே காலையில் இரண்டையும் வைத்துக்கொண்டால் ஒன்று ஓட்டமாகிவிடும்.

ராமநாதர் முன்னால் நிற்கக் கிடைப்பது சில நொடிகள். "நகருங்க, நகருங்க" என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தலையிலிருந்து கடைசித் தீர்த்தத்தின் ஈரம் கழுத்தில் இறங்கும். எதிரே தீபத்தில் தெரிகிற மூர்த்தி சீதாப்பிராட்டி மணலைக் குவித்துப் பிடித்த லிங்கம். அனுமன் வாலால் கட்டி இழுத்தும் அசையாத மணல். வெளியே காற்றடித்தால் பறக்கிற அதே மணல், மழையைப் பிடித்து வைத்து இருபத்திரண்டு தீர்த்தமாகக் கொடுக்கிற அதே மணல், இங்கே ஈசனாக உட்கார்ந்திருக்கிறது. அபிஷேகத் தீர்த்தம் அந்தத் திருமேனியில் வழிவதைப் பார்த்தவர்களுக்கு, கொண்டுவந்த வேண்டுதல் வாயில் வராது. மனசு நிறைந்து தளும்பும், கண்ணீர்தான் வரும். அப்பனே, கேட்காமலே கொடுத்திருக்கிறாயே! தள்ளி வெளியே விட்ட பிறகுதான், கேட்க வந்ததைக் கேட்கவில்லையே என்று நினைவு வரும். வேறென்ன வேண்டும், எல்லாம் அவனுக்குத் தெரியும்.

காசி யாத்திரைக்காரர்கள் சேதுவில் மணல் எடுத்துப் போய்ப் பிரயாகையில் கரைத்து, அங்கிருந்து கங்கை கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது வழக்கம். கடல் கடந்து போன நம் மக்களும் இதே மனசைத்தான் கொண்டுபோனார்கள். மொரிசியஸ் தீவில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1800 அடி உயரத்தில், அவிந்த எரிமலையின் வாயில் தண்ணீர் தேங்கி ஓர் ஏரி இருக்கிறது. கங்கையைச் சுமந்து வந்த சிவபெருமான் இறங்கியபோது சிந்திய துளிகள் என்று சொல்லி, கங்கா தலாவ் என்று கும்பிடுகிறார்கள். மகா சிவராத்திரிக்குக் காவடி சுமந்து நடந்தே போகிறார்கள். 1972இல் கங்கை நீரைக் கொண்டுபோய் அதில் ஊற்றினார்கள். அங்கே எரிமலை வாய் ஏந்தியதை இங்கே மணல் ஏந்தியிருக்கிறது.

நேரம் இருப்பவர்கள் உப்பூர் வெயிலுகந்த விநாயகர், தேவிபட்டினம் நவபாஷாணம், திருப்புல்லாணி, சேதுக்கரை என்று வரிசையாக முடித்துவிட்டு ராமேசுவரம் வருவது முறை. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லையும் வெயில் ஏறுவதற்கு முன் சுற்றிவிடுங்கள். நவதானியம் ஒரு பிடி போதும், பிளாஸ்டிக் பையோடு கடலில் எறிய வேண்டாம். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை இருக்கிறது, ஆனால் அங்கே கடலில் இறங்கவே கூடாது. இரண்டு கடலும் சேருமிடத்தில் அடியில் இழுப்பு அதிகம்.

கோடி தீர்த்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோக, நன்றாகக் கழுவிக் காயவைத்த செம்புச் சொம்போ கண்ணாடிப் புட்டியோ ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். கழுத்து வரை நிரப்பி, மூடியைச் சுற்றித் துணி கட்டிவிட்டால் வழியில் சிந்தாது. வீட்டில் பூஜை அறையில் வைத்து, கால் முடியாமல், வர ஆசையிருந்தும் வர முடியாமல் இருக்கிற பெரியவரைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, முதல் உத்தரணியை அவர் கையில் விடுங்கள்.