மலை தூக்குறவளின்ர நாட்குறிப்பு

செப்டெம்பர் 8, ஞாயிறு

இராவணன் எனக்காம். பரத வகுப்பு முடிஞ்சு சலங்கையக் கழட்டிக்கொண்டு இருக்கேக்க மிஸ் சும்மா தண்ணி கேக்கிற மாதிரிச் சொன்னவா, "நீர்தான் இதுக்குள்ள உயரம், நீர் இராவணன்." எனக்கு 37 வயசு, பாங்க் வேலை, 15 வருசம் சலங்கையே கட்டாம இருந்திட்டுப் போன வருசம்தான் திரும்ப வந்தனான், கூட ஆடுற மற்ற ஆக்கள் எல்லாம் ஓ.எல், ஏ.எல் பிள்ளையள். சிவனுக்கு 17 வயசு. கெமிஸ்ட்ரி ட்யூஷன் எண்டு சிவன் ஆறரைக்கே பாக்கைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிட்டார்.

ஒக்டோபர் 20 நிகழ்ச்சி. 25 நிமிச நாட்டிய நாடகம், கைலாயத்தைத் தூக்குற கதை மட்டும். சீதை இல்லை, அனுமார் இல்லை, லங்கா தகனம் இல்லை. அது எனக்குப் பிடிச்சிருக்கு, பயமாவும் இருக்கு.

செப்டெம்பர் 14, சனி

மிஸ்ஸின்ர வகுப்பு வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம், மேல் மாடி. ரயில் போகேக்க மிஸ் தாளம் போடுற தட்டுக்கழிச் சத்தமும் கேக்காது ஜதியும் கேக்காது, அந்த நேரம் ஆற்றையாவது காலைப் பாத்துத்தான் ஆடோணும்.

இண்டைக்குக் கதை சொல்லித் தந்தவா. வால்மீகி உத்தரகாண்டத்தில வாறது. குபேரனை வெண்டு புஷ்பக விமானத்தையும் பறிச்சுக்கொண்டு இராவணன் வாறான், கைலாயத்துக்குக் கிட்ட விமானம் நிண்டு போகுது, நந்தி வந்து இதுக்கு மேல போகேலாது எண்டு மறிக்க, இவன் நந்தியின்ர குரங்கு முகத்தைப் பாத்துச் சிரிக்கிறான். அப்ப நந்தி சாபம் போடுறார், குரங்குகளாலதான் உனக்கு அழிவு எண்டு. (முழு ராமாயணத்துக்கும் விதை போட்டது ஒரு நக்கல் சிரிப்பு எண்டு நினைக்க ஒரு மாதிரி இருக்கு.) பிறகு கோவத்தில மலையையே பிடுங்கப் பாக்கிறான், மலை ஆடுது, உமை பயந்து சிவனைக் கட்டிப் பிடிக்கிறா, சிவன் கால் பெருவிரலால மெல்ல ஒரு அழுத்து. அவ்வளவுதான். கையள் நசிபட்டுக் கத்தின கத்தலிலதான் இராவணன் எண்ட பேரே வந்ததாம். அதுக்குப் பிறகு அங்கயே கிடந்து ஆயிரம் வருசம் துதி பாடி, கடைசியில சந்திரகாசம் எண்ட வாளும் வாங்கிக்கொண்டு போறான்.

கதை எல்லாம் சரி. தூக்கிறதுதான் சரிவரேல்ல. கண்ட நடையில "தக தகிட, தக தகிட" எண்டு அஞ்சு அஞ்சாப் போகும், அதுக்குள்ள அரைமண்டியில, முழங்காலை மடிச்சுப் பாதி இருக்கிற நிலையில, இருந்து மெல்ல மெல்ல எழும்போணும். நான் எழும்பினன். மிஸ் தட்டுக்கழியக் கீழ வைச்சிட்டுக் கேட்டா, "பிள்ளை, நீர் மலை தூக்கிறீரோ, கட்டுநாயக்கா எயார்போட்டில சூட்கேஸ் தூக்கிறீரோ?" பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிச்சதுகள். சிவனும் சிரிச்சவர்.

செப்டெம்பர் 17, செவ்வாய், போயா லீவு

வீட்டில ஹோல் சோபாவைத் தள்ளிப்போட்டு இராவணன் வரவு ஆடிப் பாத்தன். கையில தேத்தண்ணிக் கோப்பையோட அப்பா பாத்துக்கொண்டிருந்தவர். அப்பா மட்டக்களப்பு. 18 வயசில ஊரில வடமோடிக் கூத்தில வீமன் ஆடின மனுசன், ஆனா நான் பரதம் பழகின காலம் முழுக்க ஒரு வார்த்தை சொன்னதில்லை. இண்டைக்குத்தான் வாயத் திறந்தவர்.

"என்ன புள்ள, ராசா இப்பிடியா ஓடி வாற? பஸ்ஸ விட்டுட்டான் போல கிடக்கு."

பிறகு கரப்புடுப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினவர் நிப்பாட்டேல்ல. வடமோடியில ராசாக்களுக்குப் பிரம்பு வளையம் வைச்சுக் கட்டின உடுப்பு, கோழிய மூடுற கரப்பு மாதிரி இடுப்பைச் சுத்தி விரிஞ்சு நிக்கும், அதுக்கு மேல மார்புக்கு ஒண்டு, புயத்துக்கு ஒண்டு, முடி ஒண்டு. இவ்வளவையும் போட்டுக்கொண்டு அவசரமா நடக்க ஒருத்தனாலும் ஏலாது, அதால நடையை உடுப்பே பழக்கிப்போடும். ஆனா உடுப்புக் கடைசியிலதான் வரும். முதல்ல சட்டம் கொடுக்கிறது, எண்டா ஆருக்கு எந்தப் பாத்திரம் எண்டு முடிவாக்கிப் பாட்டுக் கொப்பியைக் கையில குடுக்கிறது, பிறகு மாதக்கணக்கா இரவில பழக்கம், பிறகு சதங்கை அணி, களரி அடுக்கு, அரங்கேற்றம். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்தில ஒரு தட்டுத் தட்டினா ஊரே வந்து வட்டக்களரியை, அந்த வட்டமான ஆடுகளத்தை, சுத்தி இருந்திடுமாம், விடியும் வரைக்கும்.

"உன்ர ராவணன் லேசா இரிக்கான். பாரம் இல்லாதவன் என்னெண்டு பாரம் தூக்குவான்?"

பேராதனை கம்பஸ் பெடியள் அறுபதுகளில ஆடின இராவணேசன் பற்றியும் சொன்னவர், மௌனகுரு எழுதி வித்தியானந்தன் நெறிப்படுத்தினது. விடிய விடிய ஆடுற கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டு வந்ததில அது பெரிய விசயம், இராவணன் அதில வில்லன் இல்லை, தோக்கப் போறான் எண்டு தெரிஞ்சும் விட்டுக்குடுக்காத மனுசன். அப்பா ஒரு வரி பாடிக் காட்டப் பாத்தவர், இருமல் வந்திட்டுது.

நான் அந்தக் கூத்து நடையை வியாழக்கிழமை வகுப்பில செய்து காட்ட யோசிச்சிருக்கிறன். பாப்பம்.

செப்டெம்பர் 20, வெள்ளி

செய்து காட்டினன். மிஸ் முழுசாப் பாத்திட்டு "வடிவா இருக்கு, ஆனா அதை இதுக்குள்ள வைச்சா ரெண்டும் கெட்டிடும்" எண்டா. கோவம் வந்தது. ராத்திரி யோசிச்சுப் பாக்க அவ சொன்னது சரி. கூத்தில காலடி வட்டக்களரிக்கு எண்டு உண்டானது, நாலு பக்கமும் சனம் இருந்து பாக்கிறது, எங்களுக்கு ஒரு பக்கம்தான் சபை. அப்பாட்டச் சொல்லேல்ல.

ஒஃபிஸில சிங்களப் பிள்ளை ஒண்டு என்ர ஃபோனில ஒத்திகை வீடியோ பாத்திட்டு, ராவணா எங்கட ராஜா எல்லோ, நீங்கள் ஏன் அவரை மலைக்குக் கீழ நசிக்கிறீங்கள் எண்டு கேட்டா. 2019ல நாடு முதல் முதலா விண்வெளிக்கு அனுப்பின குட்டிச் சாட்டிலைட்டுக்கே ராவணா-1 எண்டுதானே பேர் வைச்சவை. நசிக்கிறது நாங்கள் இல்லை, சிவன் எண்டு சொன்னன். வேற என்னத்தைச் சொல்ல.

நாளைக்கு எலெக்ஷன், ஒத்திகை இல்லை.

செப்டெம்பர் 26, வியாழன்

கேஸ் முடிஞ்சுது, ஃப்ளாட்டில லிஃப்ட் வேலை செய்யேல்ல, கடைப் பெடியன் சிலிண்டரைக் கீழ வைச்சிட்டுப் போட்டான். பன்னிரண்டரைக் கிலோ கேஸ், அதோட இரும்பும் சேத்து. அப்பாவைத் தூக்க விடேலாது எண்டு நான்தான் மூண்டு மாடிக்கும் கொண்டு போனனான், ரெண்டாவது மாடித் திருப்பத்தில திடீரெண்டு விளங்கிச்சுது. பாரம் முதல்ல கைக்கு வரேல்ல. பாதம் நிலத்தோட ஒட்டுது, பிறகு மூச்சு நிண்டு போகுது, பிறகு பிடரி இறுகுது, கை கடைசி. நான் இவ்வளவு நாளும் கையில இருந்து தொடங்கினனான், மலை இல்லாத இடத்தில மலையக் காட்டோணும் எண்டா அது வெறுங்கையில இராது. சிலிண்டரைப் படியில வைச்சிட்டு அந்த இடத்திலயே அரைமண்டி இருந்து ரெண்டு தரம் செய்து பாத்தன், மேல் வீட்டு அன்ரி இறங்கி வந்தவா, ஒண்டும் கேக்காமத் தாண்டிப் போட்டா.

ஒக்டோபர் 4, வெள்ளி

நவராத்திரி. விடிய அம்மா சாமி அறையில பாடிக்கொண்டு இருந்தவா, நான் பல்லு தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தன். சம்பந்தர் திருக்கோணமலைக்குப் பாடின பதிகம், வெள்ளிக்கிழமையில வழமையா அதுதான். "எடுத்தவன் தருக்கை இழித்தவர் விரலால்" எண்டு வந்த உடன பிரஷ்ஷை வாயில வைச்சுக்கொண்டே வெளிய வந்திட்டன்.

"அம்மா, எடுத்தவன் எண்டா ஆர்?"

"மலையை எடுத்தவன். இராவணன். ஏன்?"

ஏனாம். இந்த மனுசி நான் பிறக்க முந்தி இருந்து பாடிக்கொண்டு இருக்கிறா. சம்பந்தரின்ர பதிகங்களில அநேகமா எட்டாம் பாட்டு இராவணனுக்குத்தான், இது எங்களுக்குச் சமய பாடத்திலயும் சொல்லித் தந்தது, சோதனைக்கு எழுதிட்டு மறந்து போனன். திருநீற்றுப் பதிகத்தில "இராவணன் மேலது நீறு" வாறதும் எட்டாம் பாட்டில. நான் இராவணனைத் தேடி யூடியூப் முழுக்க அலைய, அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கட சாமி அறையில இருந்திருக்கிறார்.

அதே பாட்டில அடுத்த வரியைப் பாத்தா, ஏத்த ஏத்த சிவன் குடுத்தாராம். நசிச்சதோட கதை முடியேல்ல. அப்ப எனக்கு முக்கியம் தூக்கிற இடம் இல்லைப் போல, கீழ கிடந்து பாடுற இடம். மிஸ் அதுக்கு வெறும் ரெண்டு நிமிசம்தான் வைச்சிருக்கிறா, இடது கையை வீணையா நீட்டி வலது கையால அந்தக் கை நரம்பையே மீட்டுற மாதிரி, ட்ராக்கில காம்போதி ராகம். கெஞ்சிக் கேட்டு மூண்டு நிமிசமாக்கினன்.

ஒக்டோபர் 12, சனி

விஜயதசமி. சலங்கை பூசை, கடலை, அவல். மழை எண்டா மழை, காலி வீதியில முழங்கால் அளவு தண்ணி எண்டு ஆரோ சொல்லிச்சினம், நான் வந்த பக்கம் கணுக்கால்தான்.

மிஸ் கதகளி வீடியோ ஒண்டு போட்டுக் காட்டினவா. இராவணன் கத்தி வேசம், பச்சை முகத்தில சிவப்புக் கீறல், மூக்கு நுனியில வெள்ளை உருண்டை. ரெண்டு பேர் திரை பிடிச்சிருக்க அவர் உள்ளுக்கு நிண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துப் பாத்துப் பாத்து, முகத்தைக் காட்டவே கன நேரம் எடுக்கிறார். எங்களுக்குத் திரை இல்லை. ஆனா வரவுக்கு முதல் நாலு ஆவர்த்தனம், எண்டா நாலு தாளச் சுத்து, ஒண்டும் செய்யாம முதுகைக் காட்டிக்கொண்டு நிக்க விட்டிருக்கிறா. அப்பாட்டச் சொன்னன். "அதுதானே நானும் சொன்ன" எண்டார், அவர் அப்பிடிச் சொல்லவே இல்லை.

ஒக்டோபர் 20, ஞாயிறு, ராத்திரி 11.40

முழங்காலில ஐஸ் வைச்சுக்கொண்டு எழுதுறன்.

வரவு நல்லாப் போச்சுது. நந்திக்கு வந்த சின்னப் பிள்ளை சாபம் போடேக்க கிரீடம் சரிஞ்சு கண்ணை மறைச்சிட்டுது, அவ ஒரு கையால சாபம் போட்டு மற்றக் கையால கிரீடம் பிடிச்சா, சபை சிரிச்சது, நானும் இராவணனா அந்தச் சிரிப்போட சேந்து நந்தியைப் பாத்துச் சிரிச்சன், சரியான இடத்திலதானே சிரிச்சவை. தூக்கினன். பாதம், மூச்சு, பிடரி, கை. சிவன் பெருவிரலை வைச்சார், நான் விழுந்தன், கத்தினன், அந்த இடத்தில ட்ராக் நிண்டு போச்சுது.

மண்டபத்துச் சவுண்ட் சிஸ்டம் அப்பிடியே செத்துப் போச்சு, பென் ட்ரைவோ வயரோ தெரியாது. லைட் மட்டும் இருக்கு. நான் ஒரு முழங்காலில, ரெண்டு கையும் மலைக்குக் கீழ. ஆரும் அசையேல்ல. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல, எழும்பினா மலை இல்லை எண்டாகிடும், அதால அப்பிடியே கிடந்தன். தொடை நடுங்கத் தொடங்கிச்சுது, அது நடிப்பு இல்லை. எவ்வளவு நேரம் எண்டு ஒருத்தரும் ஒரே மாதிரிச் சொல்லினம் இல்லை, அம்மா ரெண்டு நிமிசம் எண்டுறா, சிவன் இருவது செக்கன் எண்டுறார். சிவனும் பாவம், ஒரு காலைத் தூக்கின படி நிண்டவர், கெமிஸ்ட்ரி போனாலும் அந்தப் பிள்ளை நல்லா வரும்.

பிறகு ஓரத்தில மிஸ்ஸின்ர தட்டுக்கழி கேட்டுது. மைக் இல்லை, வெறும் மரத்தில மரம் தட்டுற சத்தம், அதோட அவவின்ர குரலில ராகம் மட்டும், சொல்லு ஒண்டும் இல்லாம. இடது கையை மலைக்குக் கீழ இருந்து மெல்ல இழுத்து எடுத்து நீட்டினன். மீட்டத் தொடங்கேக்க விரல் உண்மையா நடுங்கிக்கொண்டு இருந்தது. மூண்டு நிமிசம் கேட்டு வாங்கினது, அஞ்சு ஆறு போயிருக்கும்.

முடிஞ்சு வெளிய வர ஒரு மாமா கை குலுக்கி, "அந்த மௌனம் வைச்சீங்களே, அதுதான் நிகழ்ச்சி" எண்டார். நன்றி எண்டு சொல்லிட்டன். உண்மையைச் சொல்ல ஆருக்கு மனம் வரும்.

ஒக்டோபர் 21, திங்கள்

மீசை ஒட்டின கோந்து போகுதில்லை. தேங்காயெண்ணை போட்டுப் பாத்தன், சவுக்காரம் போட்டுப் பாத்தன், மேல் உதடு சிவந்து போய்க் கவுண்டரில இருக்க, வாற ஆக்கள் எல்லாம் காசை எண்ணாம என்ர வாயைத்தான் பாக்கினம்.

அப்பா நேற்றில இருந்து ஒண்டும் சொல்லேல்ல. பின்னேரம் வேலையால வந்து தேத்தண்ணி குடிக்கேக்கதான் சொன்னவர், "மீசை ஒரு பக்கம் கீழ இறங்கிட்டு புள்ள, ஆரும் பாக்கல்ல. நான் பாத்த." அதுக்குப் பிறகு கீழ போய்ப் புதுக் கரப்பு ஒண்டு கட்டப் பிரம்பு எங்க வாங்கலாம் எண்டு கடைப் பெடியனிட்டக் கேட்டிருக்கிறார். ஆருக்கு எண்டு எனக்குச் சொல்லேல்ல.