மாமியாரின் ரிமோட்டும் என் வெல்டிங் ஹெல்மெட்டும்

பணி ஓய்வு பெற்ற மறு மாதமே நான் ஓர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கினேன். மொட்டை மாடியில் என் மனைவி வளர்க்கும் முப்பத்தெட்டுத் தொட்டிகளுக்கு இரும்பு ஸ்டாண்டு செய்ய, எங்கள் கொளத்தூர் தெருமுனையில் இருக்கும் கிரில் பட்டறைக்காரர் கேட்ட கூலிக்கு மெஷினையே வாங்கிவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன். மெஷின், ராடு, ஹோல்டர், எர்த் வயர், சிப்பிங் சுத்தி என்று எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிய அந்தக் கணக்கில் விடுபட்டுப்போனது என் கண் ஒன்றுதான்.

மெஷினோடு இலவசமாக ஒரு ஃபைபர் கை ஷீல்டு வந்திருந்தது. இடது கையில் பிடித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொள்ள வேண்டிய பொருள் அது. நடுவில் இருக்கும் கறுப்புக் கண்ணாடி வழியாக, ராடு பற்றிக்கொள்ளும் வரை எதுவுமே தெரியாது. ராடை எந்த இடத்தில் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டுமானால் ஷீல்டை விலக்க வேண்டும். விலக்கினால் கண் போகும். போதாததற்கு, இடது கையில் ஷீல்டும் வலது கையில் ஹோல்டரும் இருக்க, சதுரக் குழாயை நேராகப் பிடித்துக்கொள்ள மூன்றாவதாக ஒரு கை தேவைப்படுகிறது. பட்டறைப் பையன்கள் துண்டுகள் நகராமலிருக்க 'டேக்' என்ற சிறு ஒட்டு அடிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதே வித்தையில் நானும் பதினோரு டேக் அடித்தேன். மாலையில் கண் நன்றாகத்தான் இருந்தது. இரவு உணவின்போது என் திறமையைப் பற்றி நானே சற்று அதிகமாகவும் பேசிவிட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு விழித்தபோது, இரண்டு கண்களிலும் யாரோ ஆற்று மணலை அள்ளிப் போட்டு அதன் மேல் மிளகாய்ப்பொடியும் தூவியது போலிருந்தது. ராடின் நுனியில் எரியும் மின்சுடரான ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்பரப்பைச் சுட்டுவிடுகிறது. ஆனால் அந்தச் சூடு பல மணி நேரம் கழித்துத்தான் வலியாக வந்து சேரும் என்பதை மறுநாள் கண் மருத்துவர் விளக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்தேன் என்று வாதாடிப் பார்த்தேன். இமை மூடுவதற்கே ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும், வெளிச்சம் உங்கள் இமைக்காகக் காத்திருக்காது என்றார் அவர். பரிசோதனைக்காக அவர் விட்ட மரத்துப்போகும் சொட்டு மருந்து அமிர்தமாக இருந்தது. அதில் ஒரு புட்டியை வீட்டுக்குக் கேட்டபோது, அது புண் ஆறுவதைத் தடுக்கும் என்று சொல்லி, களிம்பும் இரண்டு நாள் ஓய்வும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த இரண்டு நாளும் என் வீடு ஒரு வைத்திய மாநாடாக மாறியது. மாமியார் வெள்ளரித் துண்டு என்றார். பட்டறைப் பையன் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி வைக்கச் சொன்னான். அதற்கும் கேட்காவிட்டால் தாய்ப்பால் விட வேண்டும் என்றும் சொல்லி, என் வயதையும் வீட்டு நிலைமையையும் யோசித்து அவனே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். என் மைத்துனர் மட்டும், “எழும்பூர் கண்ணாஸ்பத்திரியை 1819-லேயே ஆரம்பிச்சது எதுக்குன்னு இப்பத்தான் புரியுது அத்தான்” என்று ஆறுதல் கூறினார்.

கண் திறந்ததும் முதல் வேலையாகக் கைப்பேசியிலேயே ஆர்க் எரிந்ததும் கண்ணாடி தானாகவே கறுத்துக்கொள்ளும் ஒரு தானியங்கி ஹெல்மெட்டை ஆயிரத்து நூறு ரூபாய்க்கு வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு மண்டை ஓடு என்னைப் பார்த்துச் சிரித்தது. படத்தில் சாதாரணக் கறுப்பாகத் தெரிந்த பொருள், பற்களும் தீச்சுவாலையும் வரையப்பட்டு வந்திருந்தது. அதை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறியபோது, எதிரே துணி எடுத்துக்கொண்டு இறங்கிய மாமியார் முருகனைக் கூப்பிட்டார்.

ஓவியத்தை மன்னித்துவிடலாம், உள்ளே இருந்த தலைப்பட்டையைத்தான் மன்னிக்க முடியவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பட்டை, பின்னால் திருகும் குமிழ். குமிழின் பல் இரண்டு நாளில் வழுக்கத் தொடங்கியது. ஹெல்மெட்டின் பாரம் முழுவதும் முன்பக்கம் இழுத்ததால், மணிக்கணக்கில் யாரிடமோ தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பவனைப் போல் உட்கார்ந்திருந்தேன். கழுத்தை ஒரு வெட்டு வெட்டி மூடியைக் கீழே இறக்க வேண்டும் என்பது முறை. நான் வெட்டியபோது மூடி இறங்குவதற்குப் பதிலாக ஹெல்மெட்டே கழன்று, துளசித் தொட்டியில் போய்த் தலைகுப்புற அமர்ந்தது. கண்ணாடியின் பார்வைப் பரப்போ 92-க்கு 42 மில்லிமீட்டர். தபால் பெட்டியின் வாய்க்குள்ளிருந்து தெருவைப் பார்ப்பவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரிந்தது.

மூன்றாம் நாள், ஸ்டாண்டுக்கு அடியில் தலையை நுழைத்து ஒரு மூலையைப் பற்றவைத்தபோது கண்ணாடி இருளவே இல்லை. பளீரென்ற வெளிச்சம் முகத்தில் அறைந்தது. ஹோல்டரைப் போட்டுவிட்டு, இரவு இரண்டு மணியை எதிர்பார்த்து அன்று முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் இரவு ஒன்றும் நடக்கவில்லை. காரணத்தைப் பட்டறைக்காரர்தான் சொன்னார். இத்தகைய கண்ணாடிகளில் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் பூச்சு எப்போதும் இருக்கும்; இருண்டாலும் இருளாவிட்டாலும், பேட்டரி செத்தாலும் அது தன் வேலையைச் செய்யும். கால்குலேட்டரின் திரையில் இருக்கும் அதே திரவப் படிகம் செய்வது, கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தைக் குறைப்பதை மட்டும்தான். அதற்காகக் கூச வைக்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம் என்று அர்த்தமில்லை. என் ஹெல்மெட்டில் ஆர்க்கைக் கண்டுபிடிக்கும் உணரிகள் இரண்டே இரண்டு. குறுக்கே இருந்த குழாய் இரண்டையும் ஒருசேர மறைத்துவிட்டது. நான்கு உணரி இருந்திருந்தால் ஒன்றாவது ஆர்க்கைப் பார்த்திருக்கக்கூடும்.

“ஆன்லைன்ல தலையை வாங்கலாமா சார்? பாரீஸ் கார்னர் போங்க, லிங்கிச் செட்டித் தெருவுல மாட்டிப் பார்த்து வாங்குங்க. கடையில ராடு அடிச்சுக் காட்ட மாட்டாங்க. வீட்டு டி.வி. ரிமோட்டை எடுத்துட்டுப் போய், கண்ணாடிக்கு நேரா வச்சு அமுக்குங்க, சட்டுன்னு கறுக்கும். கறுக்கலைன்னா வச்சுட்டு வந்துடுங்க” என்றார் பட்டறைக்காரர். ரிமோட்டிலிருந்து துடிதுடித்து வரும் அகச்சிவப்பு ஒளியைப் பல ஹெல்மெட்டுகளின் உணரிகள் ஆர்க் என்றே நினைத்துக்கொள்கின்றன. எவ்வளவு இருட்டு, எவ்வளவு தரம் என்பதையெல்லாம் இந்தச் சோதனை சொல்லாது. உணரியும் மின்கலமும் உயிரோடு இருக்கின்றனவா என்பதை மட்டும் சொல்லும்.

எங்கள் வீட்டில் ரிமோட் என்பது மாமியாரின் ஆறாவது விரல். முந்தின இரவு விட்டுப்போன தொடரின் மறு ஒளிபரப்பு தொடங்குவதற்குள் திரும்பிவிடலாம் என்ற துணிச்சலில், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவுக்கு மாறும்போது, ஸ்கேனர் திரையைப் பார்த்த காவலர் பையைத் திறக்கச் சொன்னார். பைக்குள் ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு, ஒரு டி.வி. ரிமோட். அவர் ரிமோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “ஹெல்மெட் வாங்கப் போறேன்” என்றேன். வேறு எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

கடையில் கூரையிலிருந்து ஹெல்மெட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. முதலில் காட்டப்பட்டவற்றில் கழுகு, சிங்கம், மறுபடியும் மண்டை ஓடு. படம் இல்லாததுதான் வேண்டும் என்று நான் உறுதியாக நின்றதில் கடைக்காரருக்குச் சிறிய வருத்தம். “பசங்க இதைத்தான் சார் விரும்பிக் கேட்கிறாங்க” என்றார். ரிமோட்டை வெளியே எடுத்ததும் அவர் முகம் மாறியது. விஷயம் தெரிந்த ஆள் என்று நினைத்திருக்கலாம், அல்லது வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்திருக்கலாம். வரிசையாக ஆறு ஹெல்மெட்டுகளை நோக்கி ஒலி அளவைக் கூட்டினேன். ஐந்து இருண்டன. ஆறாவது மட்டும் அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதை எடுத்து அமைதியாக மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

மீதி ஐந்தில் எதை எடுப்பது என்று நான் பெட்டியில் அச்சிட்டிருந்த 1/1/1/2 என்ற எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன். இஎன் 379 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி, உருவம் எவ்வளவு திருத்தமாகத் தெரிகிறது, ஒளி எவ்வளவு சிதறுகிறது, கண்ணாடி முழுவதும் ஒரே சீராக இருள்கிறதா, சாய்ந்து பார்த்தாலும் அந்த இருட்டு மாறாமல் இருக்கிறதா என்பவற்றுக்கு முறையே தரப்படும் மதிப்பெண்கள் அவை. நம் பள்ளிக்கூட மார்க்கைப் போலன்றி, இங்கே ஒன்றுதான் முதல் ரேங்க். கண்ணாடியின் இருட்டைச் சொல்லும் எண் ஷேடு. இருளாத நிலையில் ஷேடு 4 என்றால் ஏறக்குறைய 5 சதவீத ஒளிதான் உள்ளே வரும், ஷேடு 3 என்றால் ஏறக்குறைய 14 சதவீதம் வரும் என்பதால், என்னைப் போல் மாலை நிழலில் வேலை செய்கிறவர்களுக்கு 3 எவ்வளவோ தேவலை. எனக்கு வேண்டிய பன்னிரண்டாம் நம்பர் ராடுக்கும் எழுபது ஆம்பியருக்கும் இருண்ட நிலையில் ஷேடு 10 போதும். 9 முதல் 13 வரை திருகிக்கொள்ள எல்லாவற்றிலும் குமிழ் இருந்தது.

பக்கத்தில் கையுறை வாங்கிக்கொண்டிருந்த, கை முழுக்கப் பொறி பட்ட தழும்புகளோடு இருந்த ஒரு பெரியவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “நம்பரை அப்புறம் பாருங்க. மாட்டிக்கிட்டுப் பத்து நிமிஷம் நில்லுங்க சார். பத்து நிமிஷத்துல நெற்றி வலிச்சா, நீங்க அதைக் கழட்டி வச்சுட்டுத்தான் வேலை செய்வீங்க” என்றார். நான் மாட்டிக்கொண்டு நின்றேன். லிங்கிச் செட்டித் தெருவின் பதினோரு மணி வெயிலில், மின்விசிறி கடைக்காரரை மட்டும் பார்த்துச் சுழலும் ஒரு கடையில், தலையில் அரைக் கிலோ பிளாஸ்டிக்கோடு பத்து நிமிடம் நிற்பது என்பது ஒருவகைத் தவம். டீ கொண்டுவந்த பையன் எனக்கு எந்த வழியாகக் கொடுப்பது என்று தெரியாமல் சற்று நின்றுவிட்டுப் போனான்.

முதலாவது ஹெல்மெட் நான்காவது நிமிடத்திலேயே நெற்றியில் கோடு போட்டது. இரண்டாவதில் வியர்வைப் பட்டை ரெக்சின். சென்னையில் ரெக்சின் பட்டை வியர்வையை உறிஞ்சாது, வழிகாட்டி நேராகக் கண்ணுக்கு அனுப்பிவைக்கும். மூன்றாவதில் துணிப் பட்டை, கழற்றித் துவைக்கலாம். உச்சந்தலையில் குறுக்காக இரண்டு பட்டைகள். முகத்துக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளியை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு பள்ளம். இந்தக் கடைசி வசதியின் அருமை மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. என்னுடையது பைஃபோகல் என்பதால், கிட்டே இருப்பதைப் பார்க்க முகத்தைத் தூக்கி, கோயில் கோபுரத்தைப் பார்ப்பது போல் பார்க்க வேண்டும். கடைக்காரர் ஒரு டப்பாவிலிருந்து, ஹெல்மெட்டின் உள்பக்கம் செருகும் உருப்பெருக்கி வில்லையை எடுத்துப் பொருத்தினார். அவர் கடை ரசீதில் இருந்த ஜிஎஸ்டி எண் முழுவதையும் முதல் முறையாக நான் படித்தேன்.

மூடியைக் கழுத்து வெட்டில் இறக்கிப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தவறு நடந்தது. கடைக்காரர் விலை சொன்னதை நான் கவனிக்கவில்லை. அவர் “மூவாயிரத்து அறுநூறு சார்” என்ற அதே கணத்தில் நான் தலையைப் பலமாக ஆட்டியிருக்கிறேன். கழற்றிப் பார்ப்பதற்குள் ரசீது தயாராகிவிட்டது. இவ்வளவு வேகமாக விலையை ஒப்புக்கொண்ட வாடிக்கையாளரைக் கண்ட மகிழ்ச்சியில், மாற்றுவதற்கு வெளிப்புற பாலிகார்பனேட் தகடு ஐந்தையும், காசு போல் வட்டமான ஒரு பேட்டரியையும் சும்மா கொடுத்தார். நான்கு உணரி, கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி, 100-க்கு 60 மில்லிமீட்டர் பார்வை எல்லாம் இருந்ததால் நானும் தலையாட்டலைத் திரும்பப் பெறவில்லை.

வில்லிவாக்கம் வந்து இறங்கிய பிறகுதான் பையில் ஹெல்மெட் இருந்ததும் ரிமோட் இல்லாததும் தெரிந்தது. கைப்பேசியில் மனைவியின் ஏழு அழைப்புகள் தவறியிருந்தன. ஹெல்மெட்டுக்குள் தலை இருந்தால் மணியோசை பக்கத்து வீட்டில் கேட்பது போல்தான் கேட்கும். எட்டாவது அழைப்பு கடைக்காரருடையது. ரசீதிலிருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டு, “சார், உங்க ரிமோட்டை வச்சு இன்னும் ரெண்டு ஹெல்மெட் வித்தாச்சு. எப்ப வந்து வாங்கிக்கிறீங்க?” என்றார். அப்படியே எதிர் நடைமேடைக்குப் போனேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது தொடர் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மாமியார் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி ரிமோட்டை வாங்கிக்கொண்டார். அன்று மாலை, பட்டை தலைக்குப் பழக வேண்டும் என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக்குப் பக்கத்து நாற்காலியில் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அவர் சேனல் மாற்றினார். எனக்குக் கூடம் இருண்டது. ஒலியைக் கூட்டினார், மறுபடி இருண்டது. மூன்றாவது முறை நான் “அய்யோ” என்றதும் விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. தொட்டி ஸ்டாண்டுக்கு இன்னும் எத்தனை கிலோ குழாய் வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். “சொல்லுங்க மாப்பிள்ளே” என்று கனிவாகக் கூறிவிட்டு, மாமியார் ரிமோட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மண்டை ஓட்டு ஹெல்மெட் இப்போது மாடிக் கைப்பிடிச் சுவரில், தெருவைப் பார்த்தபடி, ஒரு எலுமிச்சம்பழமும் மூன்று பச்சை மிளகாயும் கோத்த கயிற்றோடு தொங்குகிறது. எதிர்வீட்டுக்காரர் அதை எங்கே வாங்கினோம் என்று போன வாரம் விசாரித்தார்.