மட்டாஞ்சேரியில் ஒரு பகல்விளக்கு

குருவாயூர் தரிசனம் முடிந்து ஊர் திரும்ப ஒரு நாள் மிச்சம் இருந்தது. "கொச்சியில யூதர் கோயில் இருக்கு, பார்த்துட்டுப் போகலாமாம்மா?" என்று கேட்டேன். "சாமி இருக்கிற இடம்தானே, வா" என்றார் அம்மா. எர்ணாகுளத்தில் படகேறி மட்டாஞ்சேரியில் இறங்கினோம்.

ஜூ டவுன் தெருவில் இன்னமும் சுக்கு வாசனை அடிக்கிறது. தெருக்கோடியில் மணிக்கூண்டு. 1760இல் எசெக்கியேல் ரகபி என்ற யூத வணிகர் கட்டியது. ஹீப்ரு எண், ரோமன் எண், மலையாள எண் என்று பக்கத்துக்கு ஒரு எழுத்தில் மணி காட்டும். அதை ஒட்டித்தான் பரதேசி சினகாக், யூதர்களின் தொழுகைக்கூடம்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மற்ற நாடுகளில் யூதர்கள் பெரும்பாலும் காலணியோடுதான் தொழப் போவார்கள். கொச்சி யூதர்களுக்கு வெறுங்கால்தான் வழக்கம். அம்மாவுக்கு அதிலேயே மனசு நிறைந்துவிட்டது. உள்ளே கால் வைத்ததும் தரை சில்லென்றது. 1762இல் சீனாவிலிருந்து வந்த வெள்ளையும் நீலமுமான ஓடுகள், கையால் வரைந்தவை. "ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லையாம்" என்றேன். அம்மா குனிந்து பக்கத்துப் பக்கத்து ஓடுகளை விரலால் தடவிப் பார்த்தார். "ஆமா, இதுல மரம் அதிகமா சாஞ்சிருக்கு."

மேலே கண்ணாடி விளக்குகள், நடுவில் பித்தளைக் கம்பி வளைத்த மேடை. மேற்குச் சுவரில், எருசலேம் இருக்கும் திசையில், திரைக்குப் பின்னால் யூத வேதமான தோராவின் சுருள்கள். "சிலை இல்லையே, எதைக் கும்பிடுறது?" என்றார் அம்மா. "வேதத்தைத்தான்" என்றேன். திரையைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். நானும் நின்றேன்.

இங்கே என்னை உலுக்கியது செப்பேடு. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிறிக்கோட்டிலிருந்து, அதாவது இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கத்திலிருந்து, யூதர் தலைவரான யோசேப்பு ரப்பானுக்குக் கொடுத்தது. ஏட்டில் அவர் பெயர் 'இசுப்பு இரப்பான்'. எழுத்து வட்டெழுத்து. அவருக்குக் கிடைத்தது அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவும் 72 உரிமைகளும். எழுத்துப்பெயர்ப்பை நான் முன்பே படித்திருந்தேன். அகராதியே அதிகம் தேவைப்படவில்லை. பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம், தோரண விதானம், காகளம்.

அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாவாடை என்றால் உடுத்துவது இல்லை, நடக்கும் வழியில் விரிக்கும் துணி. காகளம் என்றால் ஊதுகொம்பு. அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ஊர் சாமி புறப்பாடு மாதிரியே இருக்கே!" அதேதான். உற்சவருக்கு நாம் செய்யும் மரியாதைகளை, கடல் தாண்டி வந்து வேறு விதமாக இறைவனைத் தொழுத ஒரு மனிதருக்கு ஒரு அரசன் எழுதிக் கொடுத்திருக்கிறான், அவர் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் சேர்த்து. இரண்டாம் முறை எருசலேம் ஆலயம் இடிந்த கி.பி. 70க்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்தோம் என்பது கொச்சி யூதர்களின் மரபு. ஆலயம் இழந்தவர்களுக்கு இந்த மரியாதை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

1341இல் பெரியாற்றில் பெருவெள்ளம். கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து, கொச்சித் துறை திறந்தது. யூதர்களும் மெல்ல இங்கே நகர்ந்தார்கள். கொச்சங்காடியில் 1344இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் இங்கே சுவரில் பதிந்திருக்கிறது. அப்புறம் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டவர்களின் வழிவந்தோரும் வந்து சேர, அவர்கள் 'பரதேசி'கள், அதாவது வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், ஆனார்கள். போர்த்துகீசியர் கெடுபிடிக்கு நடுவே கொச்சி ராஜா தன் அரண்மனையையும் பகவதி கோயிலையும் ஒட்டியே இடம் கொடுத்தார். 1568இல் இந்தக் கூடம் எழுந்தது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. முன்பே இருந்த மலபார் யூதர்களைப் பரதேசிகள் சமமாக நடத்தவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு உள்ளே உட்கார இடமில்லை. அதை எதிர்த்துச் சத்தியாகிரகம் செய்தவர் வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம். 'யூத காந்தி' என்றே அவரைச் சொன்னார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "எல்லா வாசல்லயும் இந்தக் கதை இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து நெகேமியா மோத்தா சமாதிக்குப் போனோம். கபாலா என்னும் யூத மறைஞான நெறியின் ஞானி, கவிஞர். பழைய இடுகாடு போய்விட்டது. வீடுகளுக்கு நடுவே இந்த ஒரு கல்லறை மட்டும் நிற்கிறது. யூத ஆண்டு 5376, கிஸ்லேவ் மாதம் 25, அதாவது 1615இன் கடைசியில், ஹனுக்கா விளக்குத் திருநாள் தொடங்கும் நாளில் அவர் மறைந்தார். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் இங்கே வேண்டிக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், ஆனாலும் விளக்கேற்றுவது நிற்கவில்லை.

பெட்டிக்கடையில் இரண்டு மெழுகுவர்த்தி வாங்கி வந்தோம். உச்சி வெயில். காற்றில் முதல் குச்சி அணைந்தது, இரண்டாவதும் அணைந்தது. அம்மா முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு, "இப்ப பத்த வைப்பா" என்றார்.