கார் உட்கார்ந்துவிட்டதா? கம்ப்ரசர் வாங்கும் முன் கசிவைத் தேடுங்கள்

2005 முதல் 2013 வரை வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில், அதாவது டபிள்யூ221-இல், ஏர் சஸ்பென்ஷனில் அடிக்கடி காணும் கோளாறு இது. இரும்புச் சுருளுக்குப் பதில், காற்று நிரம்பிய ரப்பர் பையுள்ள ஸ்ட்ரட் என்ற தூண்கள்தான் காரைத் தாங்குகின்றன; அவற்றுக்குக் காற்றடிப்பது கம்ப்ரசர். காலையில் பார்த்தால் முன்பக்கம் ஒரு மூலை உட்கார்ந்திருக்கும். எஞ்சினைப் போட்டால் மெல்ல எழும். நாளடைவில் எழவே எழாது. "கம்ப்ரசர் போச்சு" என்பார்கள். போனது உண்மைதான், ஆனால் அதைக் கொன்றது பெரும்பாலும் ஸ்ட்ரட்டில் உள்ள கசிவு. கசிவை அப்படியே விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரசர் மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

இந்தக் கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடி நிற்பதற்கென்றே செய்தது. காற்று போய்க்கொண்டே இருந்தால் திரும்பத் திரும்ப ஓடிச் சூடேறும். பிஸ்டனில் உள்ள டெஃப்லான் வளையம் தேயும், அழுத்தம் குறையும், அதனால் இன்னும் அதிக நேரம் ஓடும். ஈரப்பதம் இன்னொரு கேடு. உள்ளே போகும் காற்றை டிரையரில் உள்ள மணிகள் உலர்த்துகின்றன. கார் தாழும்போது அதே காற்று டிரையர் வழியாகவே வெளியேறி, மணிகளில் சேர்ந்த ஈரத்தையும் கொண்டுபோய்விடும். ஸ்ட்ரட்டிலேயே காற்று கசிந்தால் இந்தத் திரும்பும் பயணம் நடக்காது. மணிகள் ஊறிப்போய், காற்றை ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக் வரை தண்ணீர் போகும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது சீக்கிரமே நடக்கும்.

தொடங்கும் முன் உங்கள் காரில் இருப்பது காற்றுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எஸ்600 போன்றவற்றில் ஏபிசி என்ற ஹைட்ராலிக் அமைப்பு இருக்கிறது. அதற்கு இங்கே சொல்லும் எதுவும் பொருந்தாது.

சமதளத்தில் காரை நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் மையத்திலிருந்து அதற்கு மேலுள்ள ஃபெண்டர் வளைவின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். பூட்டிய பிறகும் கார் சிறிது நேரம் மட்டத்தைத் திருத்தலாம் என்பதால் முதல் அளவை ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். 12 மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி அளங்கள். இரவுக் குளிரில் சில மில்லிமீட்டர் குறைவது இயல்பு. ஒரு மூலை மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் அந்த ஸ்ட்ரட் அல்லது அதற்குப் போகும் குழாய் கசிகிறது. முன்பக்கம் இரண்டும் ஒன்றாக இறங்கினால் வால்வு பிளாக்கையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். உயரம் தவறாக இருந்தும் இரவு முழுக்க மாறாமல் நின்றால் அது கசிவே இல்லை. உயரத்தை அளக்கும் லெவல் சென்சரையும் அதன் சிறு லிங்க் கம்பியையும் பாருங்கள். லிங்க் உடைந்ததற்கு ஸ்ட்ரட்டை மாற்றிப் பணத்தை வீணாக்குபவர்கள் உண்டு.

அடுத்தது சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, ஸ்ப்ரே பாட்டிலில். காரை உயர்ந்த நிலையில் வைத்து, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முன் ஸ்ட்ரட் தெரியும். ரப்பர் மடிந்து உருளும் இடம், அதைப் பிடித்திருக்கும் உலோக வளையங்கள், மேலே குழாய் சேரும் இணைப்பு ஆகிய மூன்றிலும் தாராளமாக அடியுங்கள். மடிப்பில் விழும் வெடிப்பு ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் வாய் திறக்கும். அதனால் இயல்பு உயரத்திலும் ஒருமுறை சோதியுங்கள். கம்ப்ரசரில் காற்றை வெளியேற்றும் துளையில், அது ஓடாதபோதும் நுரை வந்தால் உள்ளே ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம்.

ரப்பர் வெடித்திருந்தால் பசையோ பஞ்சர் பேட்சோ நிற்காது, ஒவ்வொரு அசைவிலும் அந்த இடம்தான் மடிந்து விரிகிறது. உடைப்புக் கடை ஸ்ட்ரட்டும் வேண்டாம், அதன் ரப்பருக்கும் அதே வயதுதான். முன் ஸ்ட்ரட் வாங்கும்போது 4மேட்டிக் என்ற நான்கு சக்கர இழுவைக் காருக்கும் பின்சக்கர இழுவைக் காருக்கும் வேறு வேறு பாகம் என்பதைக் கவனியுங்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். காற்று இறங்கினால் இரண்டு டன் எடை சட்டென்று கீழே வரும். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே கையைக் கூட விடக் கூடாது. பாடிக்கு ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைத் தொங்கவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். வேலை நடுவில் கதவைத் திறந்தாலே கார் விழித்துக்கொண்டு மட்டம் திருத்தப் பார்க்கும்.

பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஸ்ட்ரட் தலையில் உள்ள பித்தளை இணைப்பை அரைச் சுற்று மட்டும் தளர்த்திச் சீறல் அடங்கும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகும் ஸ்ட்ரட்டில் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும். அதைத் தக்கவைக்கவே அங்கே ஒரு வால்வு இருக்கிறது, ஆகவே பழைய ஸ்ட்ரட்டைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். டேம்பர் வயரைக் கழற்றி, ஏபிஎஸ் வயரைக் கிளிப்பிலிருந்து விடுவித்து, மேல் ஆர்மின் பால் ஜாயிண்டைப் பிரித்து, கீழ்ப் பெரிய போல்ட்டை எடுங்கள். மேலே உள்ள மூன்று நட்டுகள் கடைசியில். அப்போது ஒருவர் ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்க வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைக் கம்பியால் கட்டிவையுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது.

குழாயின் பழைய முனையைப் புது பிளேடால் நேராக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினாலோ முனை நசுங்கினாலோ அங்கேயே கசியும். ஸ்ட்ரட்டோடு வரும் புது இணைப்பையே பயன்படுத்தி, கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் லேசாக மட்டும் திருப்புங்கள். பலமாக இறுக்கினால் மரை போய்விடும். அதன் பிறகு குழாயை முட்டும்வரை உள்ளே தள்ளுங்கள்.

புது ஸ்ட்ரட் நாசமாவது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். காற்று இல்லாத ஸ்ட்ரட்டின் மேல் எடையை இறக்கினால் ரப்பர் தப்பாக மடிந்து கிழியும். பேட்டரியை மறுபடி இணைத்து, சக்கரம் தொங்கும்போதே, காரின் கணினியோடு பேசும் ஸ்கேனர் மூலம் காற்றை நிரப்புங்கள். ரப்பர் உருண்டு திரண்ட பிறகு அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். கீழ் போல்ட்டின் இறுதி முறுக்கத்தைக் கார் இயல்பு உயரத்தில் நிற்கும்போது கொடுங்கள், இல்லாவிட்டால் அங்குள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு நின்று சீக்கிரம் கிழியும். வீல் அலைன்மென்ட் பார்ப்பதும் அவசியம்.

இதற்குப் பிறகும் கார் எழத் திணறினால்தான் கம்ப்ரசர் பேச்சு. வளையமும் டிரையர் மணிகளும் அடங்கிய ரிப்பேர் கிட் கிடைக்கிறது. சிலிண்டர் சுவரில் விரல் நகத்துக்குத் தட்டும் கோடு விழுந்திருந்தால் கிட் வீண், புதிதுதான். எதைச் செய்தாலும், கம்ப்ரசருக்கு மின்சாரத்தை விடும் ரிலேவைக் கூடவே மாற்றுங்கள். பழைய ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரசர் ஓடி எரிந்துபோகும். திறந்த இணைப்புகளில் எல்லாம் மறுபடி சோப்புத் தண்ணீர் அடித்துவிட்டு, சக்கரக் குழியின் பிளாஸ்டிக் லைனரை மூடி, 12 மணி நேர அளவை இன்னொரு முறை எடுங்கள். அளவு நிற்கவில்லை என்றால், கசிவு அகப்படும்வரை காரை ஓட்டாமல் நிறுத்தி, ரிலேவைப் பிடுங்கி வைத்துவிடுங்கள்.