கும்கி எங்கே கூடியது?

போன மாதம் மிருதங்கம் வாசிக்கும் என் நண்பன் வீட்டுக்கு வந்திருந்தான். அவனே வாசித்த தனியாவர்த்தனம் ஒன்று என் லேப்டாப்பில் இருக்கிறது. ஃபிளாக் கோப்பு, அதாவது ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கியது; 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள்). முதலில் ஃபூபார்2000 என்ற பிளேயரில் கேட்டான். அப்புறம் அவன் வழக்கமாகப் பயன்படுத்தும் வேறொரு பிளேயரில்.

"மாப்ள, இதுலதான்டா தொப்பி பேசுது. கும்கி அப்படியே உருண்டு வருது."

தொப்பி என்பது மிருதங்கத்தின் இடப்பக்கம்; கும்கி அதில் உருண்டு எழும் கீழ் ஒலி. எனக்கும் அப்படித்தான் கேட்டது. வலப்பக்கமான வலந்தலையில் விழுந்த சாப்பு என்ற அடிகூட ஓர் அடி முன்னால் வந்து நின்றது. அவன் காதை நான் சந்தேகிக்கவே மாட்டேன். தொப்பியில் ரவை அரை விரல் கூடினாலே சொல்லிவிடுவான்.

காரணத்தைத் தேடினோம். என் கோப்புகள் எல்லாவற்றிலும் ரீப்ளேகெயின் குறிப்பு ஏற்றி வைத்திருக்கிறேன், பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்காமல் இருக்க. இந்தக் கோப்பில் அது மைனஸ் 3 டெசிபல். ஃபூபார் அதைப் படித்துச் சத்தத்தைக் குறைத்தது. அவன் பிளேயர் அதைப் படிக்கவில்லை. அவ்வளவுதான். சத்தம் கொஞ்சம் கூடினால், தாழ்ந்த சுருதி ஒலிகள் காதுக்கு இன்னும் கூடுதலாகக் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். கும்கி கூடியது அங்கேதான்.

ரீப்ளேகெயினை அணைத்துவிட்டு, இரண்டு பிளேயர்களின் வெளியீட்டையும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தோம். இரண்டு தடங்களையும் பெரிதாக்கிப் பார்த்து, முதல் அடியின் நுனியை ஒன்றோடொன்று பொருத்தி, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினோம். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றையொன்று அழித்துவிடும்; வித்தியாசம் இருந்தால் மிச்சமாக ஏதாவது கேட்டாக வேண்டும். எதுவும் கேட்கவில்லை. மீட்டர் அசையவே இல்லை. நண்பன் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு முழுசாக நாலு நிமிஷம் அந்த நிசப்தத்தைக் கேட்டான்.

மென்பொருளால் ஒலி மாறவே மாறாது என்று நான் சொல்ல வரவில்லை. ஈக்வலைசர் மாற்றும். விண்டோஸின் 'என்ஹான்ஸ்மென்ட்' நன்றாகவே மாற்றும். விண்டோஸில் ஒலி 48,000 ஹெர்ட்ஸுக்கு அமைந்திருந்தால் 44,100 கோப்பை வழியிலேயே மாற்றித்தான் அனுப்பும். ஒலிக்கருவியை ஒரே பிளேயருக்கு ஒதுக்கும் 'வாசாபி எக்ஸ்க்ளூசிவ்' முறையில் அனுப்பினால், இப்படி மாற்றும் விண்டோஸ் மிக்ஸரையே தாண்டிப் போய்விடலாம். ஆனால் 48,000-க்கு மாற்றிய கோப்பையும் மூலத்தையும் எது எதுவென்று தெரியாமல் கேட்டு அடையாளம் சொல்லும் ஏபிஎக்ஸ் சோதனையில் கேட்டபோது 16-க்கு 9 தடவைதான் சரியாகச் சொன்னேன். காசு சுண்டினாலும் கிட்டத்தட்ட அதுதான் வரும். ஃபூபார்2000 தளத்திலேயே தங்கள் பிளேயர் மற்றவற்றைவிட நன்றாக ஒலிக்காது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

நண்பன் இன்னமும் பழைய பிளேயரில்தான் கேட்கிறான். ராகத்தின் பெயர், தாளத்தின் பெயர் எல்லாம் அதில் தமிழில் எழுத்து உடையாமல் தெரிகிறதாம்.